பினாங்குலேர்ந்து வந்த பின்பால் மெஷின், 30 வருஷமா ரேழில கெடக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

நன்னிலம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா பொறந்த வீடு நன்னிலம் பக்கத்துல ஒரு கிராமம். பெரிய மாமா பினாங்குல கடை வெச்சிருந்தவர், அங்க ஒரு கிளப்ப மூடுனப்ப அதுல இருந்த பின்பால் மெஷின (சாஞ்ச பலகைல இரும்புக் குண்ட ஓட விட்டு, கீழ விழாம மட்டையால தட்டி ஆடுற, காசு போடுற பெட்டி) வாங்கி கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினத்துல இறக்கி மாட்டு வண்டில வீட்டுக்குக் கொண்டாந்தாராம், எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிக்கிட்டிருந்த காலம். அம்மா அப்ப பள்ளிக்கூடம் படிச்சிக்கிட்டிருந்தாங்க, சாயந்தரம் ஆனா தெருப் புள்ளைங்க பூரா திண்ணைல வரிசை கட்டி உக்காந்திருக்கும்னு இன்னமும் சொல்லுவாங்க. அப்பறம் எப்பவோ நின்னு போயி ரேழில நெல் மூட்டைக்குப் பக்கத்துல சாக்கு போட்டு மூடி 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. கஜா புயல்ல ஓடு பறந்தப்ப ஒரு ஓரம் நனைஞ்சும் இருக்கு.

போன வாரம் திறந்து பாத்தேன். காட்லீப் கம்பெனி, சிகாகோன்னு போட்டிருக்கு, நாலு பேர் ஆடுற மாடல். உள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்டு கூட இல்ல, பூரா ரிலே (காயில் இழுத்து மாத்துற ஸ்விட்ச்), காயில், துணி சுத்துன ஒயர், நடுவுல ஒரு மோட்டார். எலி ரெண்டு மூணு எடத்துல கடிச்சிருக்கு. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அம்மா ஒரு தடவ ஓடி பாக்கணும்னு ஆசப்படுறாங்க. பிளக்க சொருகி பாக்கலாமா?

நாகை_கப்பக்காரன்:
தம்பி, சொருகாதீங்க. தயவு செஞ்சு சொருகாதீங்க. நான் சிங்கப்பூர்ல 11 வருஷம் இந்த மாதிரி மெஷினுங்களுக்கு வேலை பாத்தவன், செத்துப்போன மெஷின விட "சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்தேன்"னு சொல்லி எரிச்ச மெஷினுங்கதான் எங்கிட்ட அதிகமா வந்துச்சு. 30 வருஷம் கெடந்ததுல எங்கயாவது ஒரு ரிலேயோட நாக்கு ஒட்டிக்கிட்டிருக்கும், கரண்ட் குடுத்த உடனே ஏதோ ஒரு காயில் இழுத்த இழுப்புல அப்படியே நிக்கும், இந்த காயிலெல்லாம் அரை செகண்டு இழுத்து விடுறதுக்குன்னு கட்டுனது, ஒரு நிமிஷம் நின்னா புகை வந்துரும்.

உங்களுது எலக்ட்ரோ மெக்கானிக்கல், அதாவது போர்டு இல்லாம ரிலேயும் காயிலும் மோட்டாரும் வெச்சே ஓடுறது. 1970கள் கடைசிலதான் கம்பெனிங்க ஒண்ணொண்ணா போர்டுக்கு மாறுனாங்க. போர்டு மெஷின்ல பேட்டரி ஒழுகி போர்டையே தின்னுரும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. இதுல நடக்குறது எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைல தொடலாம், காதுல கேக்கலாம், பொறுமையா உக்காந்தா வீட்லயே சரி பண்ணிடலாம். நம்பிக்கையோட இருங்க.

மொதல்ல கேபினட்டுக்குள்ள ஓரத்துல ஒரு கவர் குத்தி வெச்சிருக்கும், அதுல பெரிய தாள்ல சர்க்கியூட் படம் மடிச்சு இருக்கும். அது இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. மெதுவா பிரிங்க, மடிப்புல கிழியும். உடனே போட்டோ எடுத்து வெச்சிக்குங்க.

நன்னிலம்_பையன்:
இருக்கு அண்ணே! ஒரு மூலைய கரையான் அரிச்சிருக்கு, மத்தபடி படிக்க முடியுது. பிளக்கு ரெண்டு பின்தான், மூணாவது பின் இல்ல. டிரான்ஸ்பார்மர் மேல 115, 230ன்னு ரெண்டும் எழுதியிருக்கு.

குடந்தை_மின்னியல்:
தம்பி, நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் சொல்லிக்குடுக்குறவ, பின்பால் ஆடுனது கூட கிடையாது, ஆனா ரெண்டு பின் பிளக்குன்னு படிச்சதும் பதறிப்போச்சு, அதுக்காகத்தான் எழுதுறேன். அந்த மெஷின்ல காசு போடுற கதவு, பக்கத்துல ஓடுற பட்டை, காலு எல்லாம் இரும்பு, புள்ளைங்க ரெண்டு கையையும் அதுமேல வெச்சிக்கிட்டுதான் ஆடப்போவுது. எலி கடிச்ச ஒயர் ஒண்ணு உள்ள பட்டைல பட்டுதுன்னா 230 வோல்ட் நேரா கைல. நம்ம ஊரு தரை ஐப்பசி கார்த்திகைல எப்படி ஊறிப்போயி இருக்கும்னு தெரியும்ல, வெறுங்கால்ல வேற நிப்போம். அதனால மூணு கோர் கேபிள் போட்டு, எர்த் ஒயர டிரான்ஸ்பார்மர் சட்டம், காசுக் கதவு, பக்கப் பட்டை எல்லாத்துக்கும் சேத்து முடுக்கிடுங்க. வீட்டு எர்த்து உண்மைலயே வேலை செய்யுதான்னு எலக்ட்ரீஷியன வெச்சு பாத்துருங்க, பழைய வீடுகள்ல எர்த் குழி காஞ்சு போயி பேருக்குத்தான் இருக்கும். மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற ஸ்விட்ச்) ஒண்ணு போடுங்க. இத முடிக்காம வேற எந்த வேலைக்கும் போவாதீங்க.

டிரான்ஸ்பார்மர் விஷயம். பினாங்குலயும் நம்மள மாதிரிதான், 50 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால 230 முனைலதான் ஒயர் இருக்கணும். இருக்கணும்னு நான் சொல்றத நம்பாம நீங்களே பாருங்க, நடுவுல யாராவது கைய வெச்சிருக்கலாம். இத படிக்கிற வேற யார்கிட்டயாவது அமெரிக்காவுலேர்ந்து நேரா வந்த மெஷின் இருந்தா அதுல அநேகமா 115 மட்டும்தான் இருக்கும், அதுக்கு 500 விஏ அளவுல சரியான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். பிரயாணத்துக்குன்னு விக்கிற கைக்கடக்கமான கன்வெர்ட்டர் சரிப்படாது. 60 ஹெர்ட்ஸுக்குன்னே செஞ்சது நம்ம 50ல கொஞ்சம் கூடுதலா சூடாகும், மோட்டாரும் ஆறுல அஞ்சு பங்கு வேகத்துலதான் சுத்தும், அத பாத்து கெட்டுப்போச்சுன்னு நெனைக்க வேணாம்.

நன்னிலம்_பையன்:
ரொம்ப நன்றி அக்கா. 230லதான் இருக்கு. எர்த் வேலைய இந்த ஞாயித்துக்கிழமை முடிச்சிடுறேன். இன்னொன்னு, ஃபியூஸ் ஹோல்டர்ல கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பிய முறுக்கி வெச்சிருக்காங்க.

நாகை_கப்பக்காரன்:
அப்ப எங்கயோ காயில் எரிஞ்சிருக்கு, தேடுங்க. ஃபியூஸ் தொடர்ந்து போச்சுன்னா மெஷின் ஏதோ சொல்ல வருதுன்னு அர்த்தம், கம்பிய வெச்சா அது வாய அடைக்கிற மாதிரி. பக்கத்துலயே எத்தன ஆம்பியர்னு தாள் ஒட்டியிருக்கும், அதே அளவு கண்ணாடி ஃபியூஸ் போடுங்க, ஒரு ஆம்பியர் கூட கூட்டாதீங்க.

ஆடுற பலகைய தூக்கி நிறுத்துங்க. அடில ஒவ்வொரு காயில் மேலயும் பேப்பர் சுத்தியிருக்கும், காட்லீப்ல A எழுத்துல தொடங்குற நம்பர் அச்சடிச்சிருக்கும். பேப்பர் பழுப்பா கருகியிருந்தா அதான் ஆளு. உள்ள ஓடுற இரும்புத் தண்டு, பிளஞ்சர்னு சொல்லுவோம், அத விரலால தள்ளிப் பாருங்க, தானா திரும்பி வரணும். சிக்குச்சுன்னா உள்ள இருக்குற நைலான் குழாய் உருகியிருக்கு. எண்ணெய் மட்டும் விட்றாதீங்க தம்பி, எல்லாரும் தையல் மெஷின் எண்ணெயத்தான் மொதல்ல எடுப்பாங்க. எண்ணெயும் தூசும் சேந்து ஒரு மாசத்துல கோந்து மாதிரி ஆயிடும். பிளஞ்சர் உலர்ந்துதான் ஓடணும், குழாய மாத்துங்க, தண்ட துணியால தொடைங்க, அவ்வளவு போதும்.

திருவாரூர்_தேர்:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எங்க தாத்தா இத சூதாட்டப் பெட்டின்னு சொல்லி வீட்டுப் பக்கமே விடமாட்டார். இத வீட்ல வெக்கிறது தப்பில்லையா? நெஜமாவே கேக்குறேன்.

நாகை_கப்பக்காரன்:
நியாயமான கேள்வி, உங்க தாத்தா சொன்னதுக்கு காரணம் இருக்கு. நியூயார்க்லயே 1942ல லகார்டியான்னு மேயர் இருந்தப்ப இத சூதாட்டம்னு தடை பண்ணி, போலீஸ் சம்மட்டியால உடைச்சாங்க. அந்தக் காலத்து மெஷின்ல பிளிப்பரே, அதாவது குண்ட தட்டுற மட்டையே, கிடையாது, குண்ட விட்டா அது போற போக்குதான், பெட்டிய லேசா தட்டலாம், அவ்வளவுதான் உங்க பங்கு. 1947ல காட்லீப் கம்பெனி ஹம்ப்டி டம்ப்டின்னு ஒரு மெஷின்ல பிளிப்பர் வெச்சாங்க, அதுக்கப்பறம்தான் குண்டு ஆடுறவன் கைக்கு வந்துச்சு. ஆனா தடை நீங்க 1976 ஆச்சு. ரோஜர் ஷார்ப்னு ஒருத்தர் நகர சபைக்காரங்க முன்னாடி நின்னு, குண்டு எங்க போகணும்னு முன்கூட்டியே சொல்லி ஆடிக் காட்டுனாரு, இது கைத்திறமன்னு ஒத்துக்கிட்டாங்க. நாலு பேர் ஆடுற இந்த மாடல்ல காசு ஒண்ணும் திரும்ப வராது. கேரம் போர்டு வீட்ல இருக்குதுல்ல, அது மாதிரிதான் இதுவும்.

நன்னிலம்_பையன்:
காயில் கெடச்சிருச்சு அண்ணே. எடது பிளிப்பர். பேப்பர் கருகி, குழாய் உருகி பிளஞ்சர் அப்படியே சிக்கி நிக்குது. வலது பிளிப்பர்ல மீட்டர் வெச்சா ரெண்டு விதமா ஓம் (மின்தடை) காட்டுது, எடதுல ஒண்ணும் காட்டல. வெளிநாட்டுலேர்ந்து காயில் வரவழைச்சா காயில் விலைய விட தபால் செலவு ஜாஸ்தி.

காயில்_கட்டுறவன்:
தம்பி நான் மன்னார்குடி. பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டுறதுதான் 22 வருஷமா தொழில். இந்த இழைய மொதல்லேர்ந்து படிச்சிக்கிட்டு வரேன், இதுக்கு எதுக்கு வெளிநாடு? டெல்டால ஊருக்கு ஒரு காயில் கட்டுற கடை இருக்கு, சம்பா நடவு நேரத்துல வோல்டேஜ் ஏறி எறங்கி மோட்டார் எரியாத நாளே கிடையாது, அந்தக் கை பழக்கம் இதுக்கு அப்படியே போதும். எரிஞ்சத அறுத்துப் போட்றாதீங்க. அப்படியே கொண்டாங்க, கூடவே நல்லா இருக்குற வலது காயிலயும் கழட்டிக் கொண்டாங்க. நான் மைக்ரோமீட்டர்ல கம்பி கேஜ் பாத்து, எரிஞ்சத ஒவ்வொரு சுத்தா பிரிச்சு எண்ணி, அதே கேஜ் எனாமல் கம்பில கட்டித் தரேன், அப்பறம் ரெண்டையும் ஓம் வெச்சு ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். ரெண்டு விதமா ஓம் காட்டுதுன்னா உள்ள ரெண்டு கட்டு இருக்கு, எதுக்குன்னு மட்டும் யாராவது சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சிக்கணும்.

நாகை_கப்பக்காரன்:
அண்ணே உங்கள மாதிரி ஆள் வந்தது பெரிய விஷயம். சொல்றேன். பிளிப்பர் காயில்ல கனத்த கம்பில ஒரு கட்டு, மெல்லிய கம்பில நிறைய சுத்து இன்னொரு கட்டு. பட்டன அமுக்குன உடனே கனத்த கட்டுல மட்டும் கரண்ட் போவும், வேகமா அடிக்கும். மட்டை கடைசி வரைக்கும் போனதும் அங்க ஒரு தகட்டு ஸ்விட்ச் இருக்கு, மட்டையே போயி அத திறந்து விடும். திறந்த உடனே கரண்ட் ரெண்டு கட்டு வழியாவும் போயாகணும், ஓம் ஏறி கரண்ட் கொறைஞ்சிடும், பட்டன எவ்வளவு நேரம் பிடிச்சாலும் சூடாகாம தாங்கும். அந்த ஸ்விட்ச் திறக்காம போனா முழு கரண்டும் கனத்த கட்டுலயே நிக்கும். தம்பி மெஷின்ல எரிஞ்சது அநேகமா அதனாலதான். அதனால புது காயில் போடுறதுக்கு முன்னாடி அந்த ஸ்விட்ச பாருங்க, இல்லன்னா அண்ணன் கட்டிக்குடுக்குறதும் ஒரே நாள்ல போயிடும்.

காயில்_கட்டுறவன்:
நல்லா வெளங்குச்சு சார். மோட்டார்ல இருக்குற ஸ்டார்ட்டிங் காயில், ரன்னிங் காயில் மாதிரியே ஒரு ஏற்பாடு. ஒண்ணு சொல்றேன், மோட்டார் காயிலுக்கு வார்னிஷ்ல முக்கி அடுப்புல வெப்போம், இத அப்படி செய்யக்கூடாது, பாபின் (கம்பி சுத்துற கூடு) சூட்டுல வளைஞ்சிடும், வார்னிஷ் நடு ஓட்டைல எறங்குனா பிளஞ்சர் ஓடாது. காத்துல காயுற வார்னிஷ் வெளிப்பக்கம் மட்டும் லேசா தடவுனா போதும்.

நன்னிலம்_பையன்:
பத்து நாள் கழிச்சு எழுதுறேன். எர்த் முடிஞ்சுது, ஆர்சிசிபி போட்டாச்சு, எலி கடிச்ச ஒயர் ஏழு, ஒவ்வொண்ணா கலர் பாத்து சேத்து ஸ்லீவ் போட்டேன். காயில் அண்ணன் ரெண்டு மணி நேரம் என்னையும் பக்கத்துல உக்கார வெச்சு சுத்து எண்ண விட்டாரு, கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு, வற்புறுத்தி குடுத்துட்டு வந்தேன். பிளிப்பர் ஸ்விட்ச் நீங்க சொன்ன மாதிரியே தகடு வளைஞ்சு ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சு.

மத்த ஸ்விட்ச் தகடெல்லாம் பச்சைக் களிம்பு. ஆச்சி புளி போட்டு தேயின்னு சொல்றாங்க, குத்துவிளக்குக்கு தேய்க்கிற மாதிரி.

நாகை_கப்பக்காரன்:
வேணாம்னு ஆச்சிகிட்ட சொல்லிடுங்க. புளில இருக்குற அமிலம் இடுக்குல தங்கி திரும்பத் திரும்ப அரிக்கும், கழுவவும் முடியாது. உப்புத்தாளும் வேணாம். அந்தத் தொடுபுள்ளி வெள்ளி, லேசானது, கெட்டியான விசிட்டிங் கார்ட நடுவுல வெச்சு விரலால மூடி நாலு தடவ இழுத்தாலே பளிச்சுன்னு ஆயிடும். ரொம்ப கருத்ததுக்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. பிளிப்பர் ஸ்விட்ச்ல இருக்குறது மட்டும் டங்ஸ்டன், கெட்டி, அதுக்கு சின்ன அரம் போடலாம். நாகைல உப்புக் காத்துல நான் பாத்த வரைக்கும், மெஷினுக்கு மூணு பாகத்துக்கும் நடுவுல சொருகுற பெரிய பிளக்குங்க இருக்கு பாருங்க, ஜோன்ஸ் பிளக்கு, அதோட பின்னுங்கதான் பாதி கோளாறுக்குக் காரணம். அதையும் கழட்டி ஒவ்வொரு பின்னா தொடைங்க.

தஞ்சை_கண்ணாடி:
பின்னாடி நிக்கிற படக் கண்ணாடியப் பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். நான் தஞ்சாவூர்ல கண்ணாடி ஓவியம் வரையுறவன். நீங்க போட்ட போட்டோவுல பாத்ததும் தெரிஞ்சிக்கிட்டேன், இதுவும் எங்க மொறைதான், வண்ணம் கண்ணாடிக்குப் பின்பக்கம் இருக்கு. கண்ணு, நகை, கோடு எல்லாம் மொதல்ல போட்டு, பின்புலம் கடைசில வரும். உங்களுது அச்சுல போட்டது, வழி ஒண்ணுதான். அதனால முன்பக்கம் எப்படி வேணும்னாலும் தொடைங்க, பின்பக்கம் ஈரத்துணி படவே கூடாது, உரிஞ்சு கைல வந்துரும். மழைக்காலத்துல ஈரம், பின்னாடி பல்பு சூடு, ரெண்டும் மாறி மாறி பட்டுதான் வண்ணம் செதில் செதிலா நிக்குது. நிக்கிற செதில அழுத்தாதீங்க. மொதல்ல ஒரு மூலைல மட்டும் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே லேசா அடிச்சு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க, வண்ணம் சுருங்கலன்னா மத்த எடம். விழுந்துபோன எடத்த நானே வந்து வரைஞ்சு தரேன், எனக்கு அந்தக் கண்ணாடிய நேர்ல பாக்கணும்.

நாகை_கப்பக்காரன்:
இவரு சொன்னதோட பல்பையும் சேத்துக்குங்க. அதுல 44ன்னு நம்பர் போட்ட 6.3 வோல்ட் பல்பு இருக்கும், 0.25 ஆம்பியர் இழுக்கும். 47 போட்டா 0.15தான், சூடு கொறையும், கண்ணாடிக்கு நல்லது, டிரான்ஸ்பார்மருக்கும் நல்லது.

குண்டையும் பாருங்க, துருப்பிடிச்ச குண்டு உப்புத்தாள் மாதிரி பலகைல இருக்குற வண்ணத்த அரைச்சிடும். விட்டம் ஒண்ணே காலுக்கு கீழ, ஒரு இஞ்சும் பதினாறுல ஒண்ணும், 27 மில்லிமீட்டர்னு வெச்சிக்கலாம், எடை 80 கிராம். பேரிங் கடைல அந்த அளவு இரும்புக் குண்டு கேட்டுப் பாருங்க. மேல் கண்ணாடி டஃபன் (கெட்டியாக்குன) கண்ணாடியா இருக்கணும், சாதாரணக் கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி விழும். டஃபன் பண்ணப்பறம் வெட்ட முடியாது, அதனால அளவ ரெண்டு தடவ எடுத்துட்டு ஆர்டர் குடுங்க.

நன்னிலம்_பையன்:
நேத்து ராத்திரி போட்டோம். ஒரு கை சுவிட்ச் மேலயே வெச்சிக்கிட்டு. லைட்டு எல்லாம் எரிஞ்சுது, அம்மா அழுதுட்டாங்க. ஆனா ஸ்டார்ட் அமுக்குனா நடுவுல இருக்குற மோட்டார் சுத்த ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குது, டக் டக் டக்னு போயிக்கிட்டே இருக்கு, குண்டு வெளிய வரல. ஒரு நிமிஷத்துல அணைச்சிட்டேன்.

நாகை_கப்பக்காரன்:
அணைச்சது சரி. பயப்படாதீங்க, இது ரொம்ப சகஜமான ஒண்ணு. புது ஆட்டம் தொடங்குறப்ப எல்லா எண் உருளையும் பூஜ்யத்துக்கு வரணும். மோட்டார் சுத்தி சுத்தி ஒவ்வொரு உருளைக்கும் தட்டு குடுக்கும். பூஜ்யம் வந்ததும் உருளைல இருக்குற ஒரு தகட்டு ஸ்விட்ச் திறந்து "நான் வந்துட்டேன்"னு சொல்லணும். எல்லாரும் சொன்னாதான் மோட்டார் நிக்கும். ஒருத்தன் சொல்லலன்னாலும் அது தேடிக்கிட்டே இருக்கும். எந்த உருளை பூஜ்யத்துக்கு வராம நிக்குது, இல்ல பூஜ்யத்துலயும் தட்டு வாங்கிக்கிட்டே இருக்குன்னு பாருங்க.

நன்னிலம்_பையன்:
மூணாவது ஆட்டக்காரரோட பத்துக்கான உருளை! பூஜ்யத்துக்கு வந்தும் ஸ்விட்ச் திறக்கல, தகட்டுக்கு நடுவுல குளவிக்கூட்டு மண்ணு. சுத்தம் பண்ணி இடைவெளி வெச்சேன், மோட்டார் நாலு சுத்துல நின்னுச்சு, குண்டு வந்துச்சு. அம்மாதான் மொதல்ல ஆடுனாங்க. தெருவுல இருந்த புள்ளைங்க எல்லாம் திண்ணைக்கு வந்துட்டாங்க.

மூணு ஆட்டம் ஆடிட்டு அம்மா சொல்றாங்க, "மூணு மணி அடிக்கும்டா இதுல, இப்ப ரெண்டுதான் கேக்குது, நடுச் சத்தம் இல்ல." எனக்கு நம்பிக்கை இல்ல, 40 வருஷத்துக்கு முன்ன கேட்டது. இருந்தாலும் போயி பாத்தேன் அண்ணே. சைம் பெட்டில (மணிச் சத்தம் வர்ற பெட்டி) மூணு தகடு இருக்கு, நடுவுல நூறுக்கான பிளஞ்சர் நுனில நைலான் உடைஞ்சு போயி தண்டு தகட்டத் தொடாமலே மேல போயி கீழ வருது.

காயில்_கட்டுறவன்:
அளவு சொல்லுங்க தம்பி. லேத்துல நைலான் தண்டு கடைஞ்சு தரேன், வியாழக்கிழமை அந்தப் பக்கம் ஒரு மோட்டார் எறக்க வரேன், கைல கொண்டாந்துடறேன்.